மடக்கி வைத்த வரலாறு

சுவிஸ் ராணுவக் கத்தி உலகப் புகழ் பெற்றது. அதற்கு முன்பே நம் கணக்கர்களின் இடுப்பில் இருந்த மடக்கெழுத்தாணியோ, வேலை முடிந்ததும் சத்தமில்லாமல் மறைந்துபோனது.

திருவனந்தபுரம் விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில், கைப்பைக்குள் ஒரு சிவப்பு மடக்குக் கத்தி தென்பட்டால் அதன் பயணம் அத்தோடு முடிந்தது. அதில் கத்திரிக்கோல் இருக்கிறது, நகம் ராவும் அரம் இருக்கிறது, முள்வாங்கியும் பல்குத்தியும் இருக்கின்றன என்று எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் பலனில்லை. காவலர் கண்ணுக்குத் தெரிவது அதன் அலகு மட்டுமே. பத்து வேலை செய்யும் பொருளை ஒரே வேலையை வைத்து எடைபோடும் காலம் இது.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பத்மநாபசுவாமி கோயில் இருக்கும் கோட்டைப் பகுதியில், வேறொரு காட்சி. கேரள அரசின் மத்திய ஆவணக் காப்பகம் இயங்கிய பழைய கட்டடத்தில் 2022 டிசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. எட்டுக் கூடங்கள். எழுத்தின் வரலாற்றில் தொடங்கி நிலவரி, போர், மருத்துவம், இலக்கியம், கோயில் கணக்கு என்று திருவிதாங்கூரின் வாழ்க்கை முழுவதும் கண்ணாடிக்குப் பின்னால் ஓலையாக விரிந்து கிடக்கிறது.

பார்வையாளர்கள் ஓலையைப் பார்த்து வியக்கிறார்கள். இத்தனை ஓலையையும் எழுதிய கருவியைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் சுவையான விடை கிடைக்கும். ஓலை எழுதியவர்களில் பலர் கூடவே வைத்திருந்ததும் ஒரு கத்திதான். எழுதவும் வெட்டவும் வாரவும் பயன்பட்ட, மடக்கி இடுப்பில் செருகிக்கொள்ளக்கூடிய கத்தி. தமிழில் அதன் பெயர் மடக்கெழுத்தாணி.

மூன்று எழுத்தாணிகள்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஓலையும் எழுத்தாணியுமாகப் படித்த கடைசித் தலைமுறைகளில் ஒன்றைச் சேர்ந்தவர் உ.வே. சாமிநாதையர் (1855-1942). தம் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ நூலில் அந்தக் காலத்து எழுத்தாணிகளைப் பற்றியும் அவர் பதிவு செய்திருக்கிறார். அவர் காட்டும் வகைகள் மூன்று: குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி.

குண்டெழுத்தாணி தலை கனத்தது, கட்டையானது. எழுதிப் பழகும் பிள்ளைகளுக்கு ஏற்றது. வாரெழுத்தாணியின் ஒரு முனை எழுத, மறுமுனை ஓலையின் விளிம்பை வார. பெயரிலேயே வேலை இருக்கிறது. மடக்கெழுத்தாணிதான் இவற்றில் நாகரிகமானது. மரம், தந்தம், மாட்டுக்கொம்பு இவற்றில் ஒன்றால் ஆன பிடி. அதற்குள் எழுத்தாணி மடங்கிக்கொள்ளும். சிலவற்றில் ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் கத்தி. இன்றைய ஆங்கில விளம்பரங்கள் ‘மல்டி டூல்’ என்று அழைக்கும் பொருளின் இலக்கணம் இதில் முழுமையாக இருக்கிறது. ஒரே பிடி, ஒன்றுக்கு மேற்பட்ட வேலை, கூர்முனை யாரையும் குத்தாதபடி உள்ளே அடங்கும் வசதி.

மலையாள நாட்டில் எழுத்தாணிக்கு நாராயம் என்றும் பெயர். வடமொழியில் இரும்பு அம்பைக் குறிக்கும் நாராசம் என்ற சொல்லின் மாற்று வடிவம் அது. தமிழிலும் அந்தச் சொல் சுவடிக் கட்டுக்குள்தான் வாழ்ந்தது. ஏடுகள் நழுவாமல் இருக்க ஒரு துளையில் செருகும் உலோகக் கம்பிக்கு நாராசம் என்று பெயர். இன்று யாராவது அபஸ்வரமாகப் பாடினால் ‘நாராசமாக இருக்கிறது’ என்கிறோமே, காய்ச்சிய இரும்புக் கம்பியைக் காதில் பாய்ச்சியது போல என்பதுதான் அதன் பொருள்.

ஓலை கேட்ட கத்தி

எழுதுகிறவருக்குக் கத்தி எதற்கு? விடை ஓலையில் இருக்கிறது. கடையில் வாங்கிய காகிதம் போல, எழுதத் தயாரான நிலையில் ஓலை வருவதில்லை. பனை அல்லது தாளிப்பனையின் இளம் ஓலையை வெட்டி, நடு ஈர்க்கை நீக்கி, உலர்த்தி, வேகவைத்து, மறுபடி உலர்த்தி, சங்கு போன்ற வழவழப்பான பொருளால் தேய்த்துப் பதப்படுத்த வேண்டும். பிறகு ஒரே அளவாக நறுக்கி, விளிம்புகளை வாரி, கயிறு கோக்கத் துளையிட வேண்டும். பனையோலை தடித்தது, தாளிப்பனை ஓலை மெல்லியது, அகலமானது. எதுவானாலும் விளிம்பு ஒழுங்காக இல்லாவிட்டால் கட்டில் ஏடு உட்காராது. இந்த வேலையில் கத்தி கையை விட்டு இறங்குவதில்லை.

எழுதும் முறையும் தனி. இடது கை ஓலையைத் தாங்கும். பழகிய எழுத்தர்கள் இடது கைப் பெருவிரல் நகத்தில் சிறு வெட்டு வைத்து, எழுத்தாணியின் முனையை அதில் தாங்கிக்கொள்வார்கள். வலது கை கீறக் கீற, இடது கை ஓலையை நகர்த்தித் தரும். ஓலையின் நரம்புகள் நீளவாக்கில் ஓடுகின்றன. அதே திசையில் நேர்கோடு அழுத்தி இழுத்தால் ஓலை கிழியும். தென்னிந்திய எழுத்துகள் வளைந்து உருண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்வது வழக்கம்.

அழுத்திப் புள்ளி குத்தினாலும் ஓலை பொத்துப் போகும். ஏடெழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டதை இதோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. புள்ளியில்லாத ஏட்டில் எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று தெரியாமல் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் செய்த எழுத்துச் சீர்திருத்தம் நெடிலையும் குறிலையும் வேறுபடுத்தத்தான்.

எனவே எழுத்தாணியின் முனை கத்தியைப் போல அறுக்கவும் கூடாது, மழுங்கி வழுக்கவும் கூடாது. அலகோ அதற்கு நேர்மாறாக, ஒரே இழுப்பில் அறுத்தாக வேண்டும். இந்த இரண்டு விதமான இரும்பையும் ஒரே பிடிக்குள் அடக்குவதுதான் கொல்லரின் கெட்டிக்காரத்தனம். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலை அடுத்து எழுத்தாணிக்காரத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. எழுத்தாணியை நம்பி ஒரு தெருவே பிழைத்த காலம் பெயர்ப்பலகையில் மிச்சமிருக்கிறது.

அரண்மனைக் கணக்கர்களுக்கு எழுத்தாணி பதவியின் அடையாளமும் கூட. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபாரில் இருந்த போர்ச்சுகீசியர் டுவார்த்தே பார்போசா, அரசரின் கணக்கர்கள் ஓலையும் இரும்பு எழுத்தாணியுமாகவே நடமாடியதைக் குறித்து வைத்திருக்கிறார்.

ஓலைக்கட்டுக்கும் கத்திக்கும் உள்ள நெருக்கத்துக்குக் கொடிய உதாரணமும் நம் இலக்கியத்தில் உண்டு. பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வந்த முத்தநாதன், ஆயுதத்தை மறைத்து எடுத்துச் சென்றது சுவடிக் கட்டுக்குள்தான். அங்கே சோதனை செய்யும் காவலர் இல்லை. வாயிலில் நின்ற தத்தன் சந்தேகப்பட்டும் பயனில்லாமல் போயிற்று.

அங்கேயும் எழுத்துதான்

மடக்குக் கத்தி எந்த ஒரு நாட்டின் தனிச்சொத்தும் அல்ல. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் கிடைத்த எலும்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி கி.மு. 6ஆம் நூற்றாண்டை ஒட்டியது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் கி.பி. 3ஆம் நூற்றாண்டு ரோமானியக் கருவி ஒன்று இருக்கிறது. வெள்ளியாலும் இரும்பாலும் ஆன அதில் கரண்டி, முள்கரண்டி, கத்தி, குத்தூசி, கரண்டகம் போன்ற தகடு, பல்குத்தி என ஆறும் மடங்குகின்றன. செல்வந்தன் ஒருவனின் பயணச் சாப்பாட்டுக் கருவியாக இருக்கலாம். நம் ஊர்க் குடியானவர்கள் அரைஞாணில் தொங்கவிட்ட முள்வாங்கியும் காதுக்குறும்பி வாங்கியும் இதே தேவையின் எளிய வடிவம்தான்.

ஐரோப்பாவின் சட்டைப்பைக் கத்திக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்பதைக் கவனித்தால் வியப்பு காத்திருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் அதை அப்படியே பேனாக்கத்தி என்கிறோம். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு? அங்கே பேனா என்பது பறவையின் இறகு. எழுத எழுத முனை தேயும். நாளில் பல முறை சீவியாக வேண்டும். அதற்கென்று எழுத்தர்கள் வைத்திருந்த சிறு கத்திதான் பேனாக்கத்தி. ஆக, இங்கே ஓலையை வார ஒரு மடக்குக் கத்தி. அங்கே இறகைச் சீவ ஒரு மடக்குக் கத்தி. ஒன்றையொன்று பார்த்திராத இரண்டு உலகங்களில் எழுதுகிறவரின் மடியில் ஏறக்குறைய ஒரே கருவி.

இரண்டுக்கும் ஆபத்து ஒரே நூற்றாண்டில் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பர்மிங்காம் ஆலைகள் எஃகு முள்ளை லட்சக்கணக்கில் செய்து தள்ளின. சீவ இறகு இல்லை. பேனாக்கத்தி வேலையிழந்தது. ஆனால் அது வேறு வேலை தேடிக்கொண்டது. பென்சில் சீவியது, கயிறு அறுத்தது, பழம் நறுக்கியது, கடைசியில் ராணுவத்தில் சேர்ந்தது.

துப்பாக்கியும் தகரடப்பாவும்

1889இல் சுவிஸ் ராணுவம் புதிய துப்பாக்கியை ஏற்றது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யத் திருப்புளி வேண்டும். உணவு தகரடப்பாவில் வருவதால் அதைத் திறக்கவும் ஒரு கருவி வேண்டும். சிப்பாய் ஒவ்வொன்றையும் தனித்தனியே சுமக்க முடியுமா? கத்தி, துளையூசி, டப்பா திறப்பான், திருப்புளி நான்கையும் கருநிற மரப்பிடிக்குள் அடக்கிய கத்தி 1890இல் முடிவானது. முதல் தொகுதியைச் செய்தது ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து நிறுவனம். சுவிஸ் சிப்பாய்க்கு ஜெர்மன் கத்தியா என்று ரோஷப்பட்டவர் கார்ல் எல்சனர். 1884இல் இபாக் என்ற சிற்றூரில் கத்திப் பட்டறை திறந்தவர். 1891இல் அவர் தரப்பு ராணுவத்துக்குக் கத்தி தரத் தொடங்கியது. சோலிங்கனின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் திவாலின் விளிம்புவரை போனவரை உறவினர்கள் கைதூக்கி விட்டார்கள்.

சிப்பாயின் கத்தி கனமாக இருந்தது. 1897 ஜூன் 12 அன்று எல்சனர் இன்னொன்றைப் பதிவு செய்தார். இன்று உலகம் அறிந்த சிவப்புக் கத்தியின் மூதாதை அதுதான். ஆறு கருவிகள், அவற்றைத் தாங்க இரண்டே வில்கள். ஒரே வில்லின் இரு புறமும் கருவிகளை அமர்த்தியதுதான் அவருடைய யோசனை. 1909இல் தாயார் இறந்தபோது அவர் பெயரான விக்டோரியாவை நிறுவனத்துக்கு வைத்தார். 1921இல் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியபோது, அதன் பிரெஞ்சுப் பெயரின் சுருக்கமான ‘இனாக்ஸ்’ சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆயிற்று.

உள்ளே இருக்கும் நுட்பம் பார்வைக்கு எளிது. முதுகில் ஓடும் எஃகுப் பட்டைதான் வில். அலகின் அடிப்பகுதி சதுரத்தை ஒட்டிய வடிவில் இருக்கும். திறக்கும்போது அதன் முனை வில்லை மேலே தள்ளும்; முழுதாகத் திறந்ததும் தட்டைப் பகுதியில் வில் இறங்கி உட்காரும். ‘டக்’ என்று ஒரு சத்தம். மூடும்போதும் அப்படியே. பூட்டு எதுவும் இல்லை. வில்லின் அழுத்தம் மட்டுமே அலகை நிறுத்துகிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கொல்லர்கள் கையாண்ட முறை இது. அதற்கு முந்தைய எளிய மடக்குக் கத்திகளில் வில்லும் கிடையாது. தறையாணியின் இறுக்கம்தான் எல்லாம்.

ஒவ்வொரு பாகத்துக்கும் எஃகின் கடினம் மாறும். ராக்வெல் அளவில் அலகு 56, ரம்பமும் கத்திரிக்கோலும் 53, திருப்புளி 52, வில் 49. அலகு கூர் மழுங்காமல் இருக்கக் கடினமாக வேண்டும். வில் வளைந்து நிமிர வேண்டும் என்பதால் அதே கடினம் அதற்கு ஆகாது. 33 வேலை செய்யும் ‘சுவிஸ் சாம்ப்’ வகையில் 64 பாகங்கள். எடை 185 கிராம். எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது சில தறையாணிகள்தான். மடக்கெழுத்தாணி செய்த கொல்லர் இதைப் பார்த்தால் மிரண்டிருக்க மாட்டார். எழுத்தாணிக்கு ஒரு முனை, கத்திக்கு ஒரு முனை என்று அவரும் யோசித்தவர்தானே.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு விமானத்தில் கத்திக்குத் தடை வந்ததும் சுவிஸ் கத்தியின் விற்பனை சரிந்தது. நிறுவனம் கடிகாரத்திலும் பயணப் பெட்டியிலும் கவனம் செலுத்திச் சமாளித்தது. அலகே இல்லாத கருவிகளை உருவாக்கி வருவதாக 2024இல் அறிவித்தது. கத்தியே இல்லாத கத்தி! வேலை மாறினால் தானும் மாறிப் பிழைப்பது என்ற பேனாக்கத்தியின் பழைய குணம் போகவில்லை.

இங்கே என்ன ஆயிற்று?

மடக்கெழுத்தாணிக்கு அந்தக் குணம் வாய்க்கவில்லை. அச்சு வந்த அன்றே ஓலை தோற்றுவிடவும் இல்லை. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, பக்கத்து ஊரான கொல்லத்தில் 1578இலேயே ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறிவிட்டது. அதற்குப் பிறகும் ஏறக்குறைய 300 ஆண்டுகள் அரண்மனையும் கோயிலும் ஊர்க்கணக்கரும் ஓலையை விடவில்லை. 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்த திருப்படிதானம் ஓலையில் பதிவானதுதான். மன்னர் சன்னிதியில் வாளை வைத்தார். அதைச் சாசனமாக்கியது எழுத்தாணி. 19ஆம் நூற்றாண்டில் அரசு அச்சகமும் காகிதமும் பள்ளிக்கூடங்களும் ஒன்றுசேர்ந்து வந்தபோதுதான் ஓலை பின்வாங்கியது. ஜாதகம் கணிப்பவர்களிடம் இன்னும் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தது.

ஓலை போனதும் எழுத்தாணிக்கு வேறு வேலை இல்லை. அலகு சிறியது, காய் நறுக்க உதவாது. முனை மொண்ணை, தைக்க உதவாது. ஒரே தொழிலுக்கென்று செதுக்கிச் செதுக்கிச் செம்மையான கருவி, அந்தத் தொழிலோடு உடன்கட்டை ஏறியது. ஊர் ஊராக நடந்து சுவடிகளைத் தேடிய சாமிநாதையர், ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளையும் அடுப்பில் எரிந்த ஏடுகளையும் பற்றிக் கண்ணீரோடு எழுதினார். ஏட்டுக்கு ஒரு சாமிநாதையர் கிடைத்தார். எழுத்தாணிக்கு யாரும் கிடைக்கவில்லை. அது பழைய இரும்போடு இரும்பாக எடைக்குப் போயிற்று. தந்தப்பிடி போட்ட சில மட்டும் பழம்பொருள் சேகரிப்போரிடம் தஞ்சம் புகுந்தன.

அது எழுதியவையோ மலைபோல் இருக்கின்றன. கேரள ஆவணத் துறையின் வசம் உள்ள ஓலைகள் ஒரு கோடிக்கும் மேல் என்பது அரசுத் தரப்புக் கணக்கு. சுருள் சுருளாகக் கட்டி வைத்த கட்டுகளுக்குச் சுருணை என்று பெயர். கோயிலின் மதிலகம் ஆவணங்கள் அதில் முக்கியமான பகுதி. நகரின் மறுகோடியில், காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழைக்கலை ஆய்வு நிறுவனச் சுவடி நூலகம் இருக்கிறது. 1908இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய நூல் வெளியீட்டுத் துறையின் வாரிசு. அந்தத் துறைக்குத் தலைமை வகித்த த. கணபதி சாஸ்திரி திருநெல்வேலிப் பக்கத்துத் தருவையில் பிறந்தவர். பத்மநாபபுரம் அருகே மணலிக்கரை மடத்தில் கிடைத்த ஓலைக்கட்டிலிருந்து பாஸன் நாடகங்களை அவர் கண்டெடுத்து, 1912 முதல் அச்சேற்றினார். பல நூற்றாண்டுகள் பெயரளவில் மட்டும் தெரிந்திருந்த ஒரு நாடகாசிரியனை உலகத்துக்குத் திருப்பித் தந்தது, யாரோ ஒரு பெயர் தெரியாத எழுத்தரின் எழுத்தாணி.

அந்த எழுத்தர் செய்தது படியெடுக்கும் வேலை. நன்றாகக் காத்தாலும் ஓலைக்கு ஆயுள் சில நூற்றாண்டுகள்தான். பூச்சியும் ஈரமும் தின்று தீர்ப்பதற்குள் புதிய ஓலையில் படியெடுத்தாக வேண்டும். பாஸனும் சங்கப் புலவர்களும் நம்மை வந்தடைந்தது இந்த அஞ்சலோட்டத்தால். எழுத்தாணியைக் கீழே வைத்த நாளில் ஓட்டம் நின்றது. அன்று கையில் இருந்த ஓலைகள்தான் கடைசிப் படிகள். அவற்றுக்கு இனி ஓலை வாரிசு கிடையாது.

இப்போது கேமராதான் படியெடுக்கிறது. 2003இல் தேசியச் சுவடிகள் இயக்கம் தொடங்கியது. 2025ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் ‘ஞான பாரதம்’ என்ற பெயரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுக்கவும் பாதுகாக்கவும் திட்டம் அறிவித்தது. நல்ல செய்தி. ஆனால் படம் எடுப்பதும் படியெடுப்பதும் ஒன்றல்ல. படியெடுத்தவர் ஒவ்வொரு எழுத்தையும் படித்தார். கேமரா படிப்பதில்லை. திருவிதாங்கூர் ஓலைகளில் வட்டெழுத்து உண்டு, கோலெழுத்து உண்டு, மலையாண்மை உண்டு, தமிழும் கிரந்தமும் உண்டு. இவற்றைச் சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். கோலெழுத்து என்ற பெயரிலேயே எழுதுகோல் இருக்கிறது. எழுத்தின் வளைவும் நெளிவும் எப்படி வந்தன என்பது, ஒரு முறையாவது எழுத்தாணியைப் பிடித்துப் பார்த்த கைக்குத்தான் விளங்கும். சுவடியியல் படிக்கும் மாணவர் கையில் ஒரு எழுத்தாணியும் நாலு பனையோலையும் கொடுப்பதற்கு ஆகும் செலவு, ஒரு சுவிஸ் கத்தியின் விலையைத் தாண்டாது.

ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஓர் ஊர்வலம் கிளம்புகிறது. கம்பர் வழிபட்டது என்று ஐதீகமாகச் சொல்லப்படும் சரஸ்வதி, வேளிமலை முருகனோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் கோட்டைக்கு எழுந்தருளுகிறாள். ஊர்வலத்தின் முன்னால் அரசரின் உடைவாள் வருகிறது. பூஜையன்று வீடுகளில் ஒரு பக்கம் புத்தகங்களையும் மறுபக்கம் ஆயுதங்களையும் அடுக்குகிறார்கள். எந்த வீட்டிலாவது பரணில் ஒரு மடக்கெழுத்தாணி மிச்சமிருந்தால், அதை எந்தப் பக்கம் வைப்பது என்று சற்றுக் குழம்பத்தான் வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தால் பூஜை முடிந்ததும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாமல், கோட்டைக்குள் இருக்கும் அந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வரலாம். தான் எழுதிய ஓலைகளுக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் இருக்கட்டும்.